மொத்தம் 1 என்று காட்டுகிறது, கணக்கு சரியா?

முதலில் ஒரு தப்பான கணக்கைப் போட்டுப் பாருங்கள். சீரிசை அலையியற்றி ஒன்று (ஸ்பிரிங்கில் கட்டிய துகள் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவது). நிறை 1, கோண அதிர்வெண் 1, குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலி 1. அதன் தாழ்நிலை (மிகக் குறைந்த ஆற்றல் நிலை) அலைச்சார்பை, அதாவது துகள் எங்கே இருக்கும் என்ற நிகழ்தகவைத் தரும் சார்பை, அப்படியே எடுத்து, மையம் 1 என்ற இடத்தில் வரும்படி நகர்த்தி வைத்துக் கையை விட்டுவிடுங்கள். வடிவம் கலையாமல் 1-க்கும் −1-க்கும் நடுவே அது ஊசலாட வேண்டும். இதைக் கணினியில் ஸ்பிளிட் ஆபரேட்டர் முறையில் (விளக்கம் கீழே வரும்), காலப்படி, அதாவது ஒரு தாவலில் கடக்கும் நேரம், 2.1 என்று வைத்து ஓட்டுங்கள்.

மையம் வரவேண்டிய இடங்கள்: 1, −0.50, −0.49, 1.00, −0.52. கணினி தரும் இடங்கள்: 1, −1.21, 1.90, −3.38, 6.25. போகப்போக ஒவ்வொரு படிக்கும் சுமார் 1.88 மடங்கு பெருகி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாவுகிறது. இன்னும் சில படி விட்டால் கிரிட் (இடத்தை வெட்டி வைத்த புள்ளிகளின் வரிசை) முழுக்கச் சிதறிவிடும். அந்தச் சிதறலிலும் மொத்த நிகழ்தகவைக் கூட்டிப் பாருங்கள். 1 தான் வரும், பத்துப் பன்னிரண்டு தசம இடம் வரைக்கும்.

உதகை, குன்னூர், கோத்தகிரி பக்கம் எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை (அலைச்சார்பு காலத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும் சமன்பாடு) எடுப்பவர்கள் இந்த ஒரு எண்ணை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். "நார்ம் மாறவில்லை, எனவே நிரல் சரி" என்று அறிக்கையில் ஒரு வரி. நார்ம் என்றால் அந்த மொத்த நிகழ்தகவுதான். அந்த வரி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று பார்க்கத்தான் இந்தப் பதிவு.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். காலத்தைத் துண்டு துண்டாக வெட்டுவது நம் வசதிக்கு. இயற்கையில் காலம் அப்படித் துண்டாக இருக்கிறது என்று இதற்குப் பொருள் கிடையாது. பிளாங்க் நேரத்தை (இயற்பியலில் பேசப்படும் மிகச் சிறிய கால அளவு) இங்கே இழுத்துக்கொண்டு வரவேண்டாம். அணு அலகில் (மாறிலிகளை 1 என்று வைக்கும் அலகு முறை) 1 என்பது சுமார் 24.2 அட்டோநொடி (ஒரு அட்டோநொடி 10⁻¹⁸ நொடி). கீழே வரும் 0.005 என்ற படி 0.12 அட்டோநொடி. பிளாங்க் நேரம் அதிலிருந்து இருபத்தைந்து இலக்கங்களுக்குக் கீழே கிடக்கிறது.

எழுத வசதியாகக் காலப்படியைக் 'கா' என்றும், ஆற்றலை 'ஆ' என்றும், கற்பனை அலகை 'ஐ' என்றும் வைத்துக்கொள்கிறேன். மாறிலிகள் எல்லாம் 1.

ஒரு குறிப்பிட்ட ஆற்றல் உடைய நிலைக்கு, ஒரு படியில் நடக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அதன் கலப்பெண் ஆ × கா என்ற கோணம் சுழல வேண்டும். நீளம் மாறக்கூடாது. கோணமும் நீளமும் இரண்டு தனிக் கணக்குகள், இதை மனதில் வையுங்கள். மொத்த நிகழ்தகவு நீளத்தை மட்டும்தான் பார்க்கிறது.

எல்லோரும் முதலில் எழுதுவது ஆய்லர் முறை. புதியது = (1 − ஐ × ஆ × கா) × பழையது. இந்தப் பெருக்கியின் நீளம் √(1 + ஆ²கா²). கா எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இது 1-ஐ விடப் பெரியது. ஆ = 1, கா = 0.01 என்றால் ஒரு படிக்கு நிகழ்தகவு 1.0001 மடங்கு. பத்தாயிரம் படியில் 2.7 மடங்கு. "பரவாயில்லை, கடைசியில் வகுத்துக்கொள்ளலாம்" என்று தோன்றும். ஆனால் உங்கள் அலைப்பொதியின் (ஓரிடத்தில் குவிந்திருக்கும் அலைச்சார்பு) ஆற்றல் 1 என்பதால் கிரிட்டின் ஆற்றலும் 1 ஆகிவிடாது. மூன்று புள்ளி வாய்ப்பாட்டில் இரண்டாம் வகைக்கெழு எடுத்தால், கிரிட் தாங்கும் உச்ச இயக்க ஆற்றல் 2 ÷ (இடைவெளி)². இடைவெளி 0.1 என்றால் 200. அந்த நிலைக்கு ஆ × கா = 2, பெருக்கி √5, அதாவது 2.236. அந்த நிலையில் நீங்கள் எதையும் வைக்கவில்லைதான், ஆனால் கணினியின் ரவுண்டிங் பிழை 10⁻¹⁶ அளவுக்கு அதில் உட்கார்ந்திருக்கும். 46 படியில் அது 1-ஐத் தொட்டுவிடும். படத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் மேலும் கீழுமாக ரம்பப் பல் மாதிரித் தெரிந்தால், பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். ஒவ்வொரு படியிலும் நார்மை 1-க்கு இழுத்து வைத்தால் ரம்பப் பல் போய்விடாது. மற்ற எல்லாவற்றையும் நசுக்கிவிட்டு அது மட்டும் மிஞ்சும்.

பின்னோக்கிய ஆய்லர் இதற்கு நேரெதிர். பெருக்கி 1 ÷ (1 + ஐ × ஆ × கா). எப்போதும் 1-ஐ விடச் சின்னது. வெடிக்காது, படம் அழகாக வழுவழுவென்று இருக்கும், உயர் ஆற்றல் பகுதிகளைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும். வெடிக்கிற நிரலை விட இது ஆபத்து.

இரண்டையும் பாதிப் பாதி சேர்த்தால் கிராங்க்–நிக்கல்சன். 1947-இல் வெப்பக் கடத்தல் சமன்பாட்டுக்காக வந்த முறை. 1967-இல் கோல்ட்பெர்க், ஷே, ஷ்வார்ட்ஸ் மூவரும் அலைப்பொதி தடையில் மோதுவதைக் கணினிப் படமாக எடுத்துக் காட்டியபோது குவாண்டம் பாடத்தில் நிரந்தரமாக இடம் பிடித்தது. பெருக்கி (1 − ஐஆகா/2) ÷ (1 + ஐஆகா/2). மேலும் கீழும் ஒன்றுக்கொன்று இணையெண் என்பதால் நீளம் சரியாக 1. எந்த ஆற்றலுக்கும், எந்தப் படிக்கும்.

எழுதும்போது ஒரு சின்ன வசதி. அந்தப் பின்னத்தை 2 ÷ (1 + ஐஆகா/2) − 1 என்று மாற்றி எழுதலாம். ஆகவே வலது பக்கம் அணியைப் பெருக்கும் வேலையே வேண்டாம். பழைய அலைச்சார்பின் இரு மடங்கை வலது பக்கம் வைத்து மும்மூலைவிட்ட அணியை (நடு மூலைவிட்டத்திலும் அதன் இரு பக்கத்திலும் மட்டும் எண்கள் உள்ளது) ஒரு முறை தீர்த்து, விடையிலிருந்து பழையதைக் கழித்தால் புதியது. தாமஸ் முறையில் மேலிருந்து கீழ் ஒரு ஓட்டம், கீழிருந்து மேல் ஒரு ஓட்டம். நிலையாற்றல் காலத்தோடு மாறாவிட்டால் முதல் ஓட்டத்தின் வகுத்தல்களை ஒரே தடவை போட்டு வைத்துக்கொள்ளலாம். நிலையாற்றல் காலத்தோடு மாறினால் (லேசர் புலம் மாதிரி) அதன் மதிப்பைப் படியின் நடுவில் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் எடுத்தால் இரண்டாம் வரிசைத் துல்லியம் (படியைப் பாதியாக்கினால் பிழை நாலில் ஒன்றாவது) முதல் வரிசைக்கு (பாதியாக மட்டும் குறைவது) இறங்கிவிடும். நார்ம் அப்போதும் 1 என்றுதான் சொல்லும்.

நீளம் சரி. கோணம்? கிராங்க்–நிக்கல்சனில் ஒரு படிக்குச் சுழலும் கோணம் 2 × ஆர்க்டேன்(ஆகா/2). வேண்டியது ஆகா. வித்தியாசம் சுமார் ஆ³கா³ ÷ 12, எப்போதும் பின்தங்கும் பக்கமாக. ஆ = 1, கா = 0.1 என்றால் படிக்கு 0.00008 ரேடியன், ஆயிரம் படியில் 0.083. பெரிதாகத் தெரியாது. ஆற்றல் 10 என்று வையுங்கள். வேண்டியது 1 ரேடியன், கிடைப்பது 0.927. பதினான்கே படியில் ஒரு ரேடியன் தள்ளிப்போய்விடும்.

இது வெறும் கோணத்தோடு நின்றால் யாருக்கும் கவலை இல்லை. வேகத்தைக் கடிக்கிறது. உந்தம் 5 உள்ள அலைப்பொதி, தடையே இல்லாத வெற்று வெளி, இடைவெளி 0.1. வேகம் 5 இருக்க வேண்டும். மூன்று புள்ளி வாய்ப்பாடு முதலிலேயே அதை 4.79 ஆக்கிவிடுகிறது, காலப்படியை என்ன செய்தாலும் சரி. அதன் மேல் காலப்படியின் பங்கு: வேகத்தை 1 + (ஆகா/2)² வகுக்கும். கா = 0.01 என்றால் 0.4 சதவீதம்தான் குறையும். 0.05 என்றால் வேகம் 4.38-க்கு இறங்கும். இதைப் பார்த்துவிட்டுக் காலப்படியை 0.001, 0.0001 என்று குறைத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. இரவு முழுக்க ஓடவிட்டாலும் 4.79-க்கு மேலே ஏறாது. கிரிட் இடைவெளியைப் பாதியாக்குங்கள், 4.95 வரும். எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் சுருக்கிப் பயனில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் ஏறியவர்கள் கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். குன்னூர் வரைக்கும் அதைக் கவ்விக்கொண்டுதான் வண்டி ஏறும். உற்றுப் பார்த்தால் அது ஒரு சட்டம் இல்லை, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும், ஆனால் ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். அரைப் பல் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு பல் விடும் நேரத்தில் இன்னொன்று பிடித்திருக்கும். ஆப்ட் முறை என்று பெயர். அந்த மூன்றெழுத்துக்கு ஆங்கிலத்தில் விரிவாக்கம் சொல்கிறவர்கள் உண்டு, அது ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் பெயர், அவ்வளவுதான்.

அலைச்சார்பின் மெய்ப் பகுதியையும் கற்பனைப் பகுதியையும் இதே மாதிரி அரைப்படி தள்ளி வைப்பதுதான் தவளைத் தாவல் முறை. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை இரண்டாகப் பிரித்தால், மெய்ப் பகுதியின் மாற்றம் கற்பனைப் பகுதியைச் சார்ந்தது, கற்பனைப் பகுதியின் மாற்றம் மெய்ப் பகுதியை (எதிர்க்குறியோடு) சார்ந்தது. ஆகவே கற்பனைப் பகுதியை 0, 1, 2 என்ற முழுப் படிகளிலும் மெய்ப் பகுதியை ½, 1½, 2½ என்ற அரைப் படிகளிலும் வைத்து, ஒன்றைப் பிடித்து மற்றதை நகர்த்துகிறோம். 1991-இல் விஷர் எழுதிக் காட்டிய வடிவம். அணியைத் தீர்க்க வேண்டாம், கலப்பெண் வேண்டாம், பழைய லேப் கணினியிலும் பறக்கும். பைத்தான் தெரியாவிட்டால் ஸ்பிரெட்ஷீட்டில்கூடச் செய்யலாம்.

ஆனால் பல்லின் அளவுக்குக் கட்டுப்பட வேண்டும். நிபந்தனை: கா < 2 ÷ (உச்ச இயக்க ஆற்றல் + உச்ச நிலையாற்றல்). இடைவெளி 0.1, வெற்று வெளி என்றால் எல்லை 0.01. விளிம்பில் நின்றுகொண்டு 0.01 வைத்து ஓட்டினால் ஓடிவிடும். அதே நிரலில் 2.5 உயரத்துக்கு ஒரு தடை போடுங்கள். எல்லை 0.00988-க்கு இறங்கிவிட்டது. சில நூறு படிக்குள் தடை இருக்கும் இடத்தில் ரம்பப் பல் முளைத்துத் திரை முழுக்க வெடிக்கும். தடையை எழுதிய வரியில் தப்பைத் தேடி அரை நாள் போகும், அந்த வரியில் தப்பே இருக்காது. எல்லையில் முக்கால் பங்குக்கு மேல் போகாதீர்கள்.

இந்த முறையில் இரண்டு பொறிகள். ஒன்று, தொடக்கத்தில் மெய்ப் பகுதியை அரைப்படி முன்னே தள்ள வேண்டும். இரண்டையும் 0-ஆம் நேரத்திலேயே விட்டுவிட்டுத் தாவ ஆரம்பித்தால் நிரல் ஓடும், விடையும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், துல்லியம் மட்டும் ஒரு வரிசை குறைந்திருக்கும். மற்றது, நிகழ்தகவைக் கூட்டும் விதம். வெவ்வேறு நேரத்து மெய்ப் பகுதியையும் கற்பனைப் பகுதியையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் மொத்தம் 1-ஐச் சுற்றி லேசாகத் துடிக்கும். அது நிரல் பிழை இல்லை. முன் அரைப்படி மெய்ப் பகுதி × பின் அரைப்படி மெய்ப் பகுதி + நடுவில் உள்ள கற்பனைப் பகுதியின் வர்க்கம், இதைக் கூட்டுங்கள். அசையாது.

இனி ஸ்பிளிட் ஆபரேட்டர். நான் ஒன்றைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஏன் என்று சொல்ல ஒரு உவமை. முத்தோரையில் இருக்கும் உதகை ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை அந்த மலைச்சரிவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வடக்கு–தெற்காக ஓடும் சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதே அளவு. ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. வானத்தில் நகரும் மூலத்தைப் பல மணி நேரம் தொடர, அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும். சரியான சாய்வில் நின்றுகொண்டால் சிக்கலான வேலை ஒற்றைச் சுழற்சியாகிவிடுகிறது.

நிலையாற்றலுக்குச் சரியான சாய்வு இடம், அதாவது நமது கிரிட். அங்கே அது ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு எண், அந்தப் புள்ளியின் கலப்பெண்ணை அந்த எண் × கா கோணம் சுழற்றினால் முடிந்தது. இயக்க ஆற்றலுக்குச் சரியான சாய்வு உந்தம். ஃபூரியர் உருமாற்றம் (அலையை உந்தங்களாகப் பிரிக்கும் கணக்கு) செய்தால் அங்கேயும் அது வெறும் சுழற்சி. சிக்கல், இரண்டுக்கும் பொதுவான சாய்வு இல்லை. வரிசை மாற்றினால் விடை மாறும். ஆகவே: நிலையாற்றலுக்கு அரைப்படி, உருமாற்றம், இயக்க ஆற்றலுக்கு முழுப்படி, தலைகீழ் உருமாற்றம், மறுபடி நிலையாற்றலுக்கு அரைப்படி. இப்படி இருபுறமும் சமச்சீராக வைப்பதால் ஒரு படியின் பிழை கா³ அளவுக்கு இறங்குகிறது. ட்ராட்டர் 1959-இல் தந்த கணிதம், ஸ்ட்ராங் 1968-இல் தந்த சமச்சீர் வடிவம், 1982-இல் ஃபெய்ட், ஃப்ளெக், ஸ்டைகர் மூவரும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குப் போட்ட உருவம். குவாண்டம் கணினிகளில் இன்று "ட்ராட்டர் படி" என்று சொல்வதும் இதே பிளப்புதான்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறுகள் எல்லாவற்றுக்கும் ஒரே குணம்: எல்லாம் வெறும் சுழற்சி என்பதால் எதுவுமே நார்மைத் தொடாது. உந்தங்களின் வரிசையைப் பாருங்கள். உருமாற்ற நூலகம் முதலில் 0, பிறகு நேர் உந்தங்கள், பிறகு எதிர் உந்தங்கள் என்றுதான் அடுக்கும். நீங்கள் எதிரிலிருந்து நேர் வரை வரிசையாக எழுதிப் பெருக்கினால் உளறல் வரும், நார்ம் 1. நூலகம் தருவது அதிர்வெண், அதை 2 × பை கொண்டு பெருக்கினால்தான் உந்தம். பெருக்க மறந்தால் இயக்க ஆற்றல் 39.5 மடங்கு சுருங்கி, 5 வேகத்தில் ஓட வேண்டிய அலைப்பொதி 0.13 வேகத்தில் நகரும், கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். நார்ம் 1. வேகத்துக்காக அடுத்தடுத்த அரைப்படிகளைச் சேர்த்து ஒரு முழுப்படியாக ஆக்குவது நல்ல யோசனைதான், ஆனால் ஆற்றலை அச்சிடும் நேரத்தில் கடைசி அரைப்படியை மூட மறந்தால் ஆற்றல் தப்பாக வரும். இடத்தின் சராசரி சரியாகவே இருக்கும், நார்மும் 1. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க நாளாகும்.

காலப்படி பெரிதானால் என்ன ஆகும் என்பதற்குத் தொடக்கத்தில் பார்த்த அலையியற்றியே சாட்சி. அதில் கா 2-ஐத் தாண்டியதும் எல்லாம் போச்சு. 2-க்குக் கீழே இருந்தாலும் அதிர்வெண் துல்லியமாக 1 கிடையாது, சுமார் 1 + கா²/24. கா = 0.1 என்றால் 1.0004. நூறு ஊசல் முடிவில் 0.26 ரேடியன், அதாவது 15 டிகிரி முந்திக்கொண்டு நிற்கும். கிராங்க்–நிக்கல்சன் பின்தங்கும், இது முந்தும். இரண்டு முறையிலும் ஒரே கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை என்று சொல்வது இதனால்தான். பிழைகள் எதிரெதிர் திசையில் போவதால் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும்.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. பழைய டியூப்லைட்டுக்குக் கீழே வேகமாகச் சுழலும் விசிறி நின்றுபோனது மாதிரித் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள் (ஊட்டி வீடுகளில் விசிறி ஏது, தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் ட்ரஃப் பக்கம் போய்ப் பாருங்கள்). விட்டு விட்டுப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு முழுச் சுற்று சுற்றியதும் சுற்றாததும் ஒன்று. காலத்தைப் படிப்படியாகப் பார்க்கும் நிரலுக்கும் அப்படித்தான். இரண்டு ஆற்றல்களுக்கு இடையே வித்தியாசம் 2 × பை ÷ கா என்றால், இரண்டும் ஒரு படியில் ஒரே கோணத்தில் வந்து நிற்கும். நிரலுக்கு அவை ஒரே ஆற்றல். ஆற்றல் அழியாமை என்ற விதியை அந்த அளவுக்கு மீறிக்கொள்ள அது தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொள்கிறது.

இடைவெளி 0.1, கா = 0.02 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 × பை ÷ 0.02 = 314. உந்தம் 2 உள்ள அலைப்பொதியின் ஆற்றல் 2. ஆற்றல் 316-க்கு உரிய உந்தம் 25.1. கிரிட் தாங்கும் உச்ச உந்தம் பை ÷ 0.1 = 31.4, ஆகவே 25.1 உள்ளேதான் இருக்கிறது. கூர்மையான விளிம்பு உள்ள தடையில் அலை மோதும்போது ஒரு சின்னப் பங்கு 2-லிருந்து 25.1-க்குத் தாவும், இயற்பியலில் இல்லாத பேய்ச் சிதறல். படத்தில் மெல்லிய பொடிச் சிற்றலையாகத் தெரியும். பலர் அதைத் தடையின் பிரதிபலிப்பு என்று விளக்கி எழுதிவிடுவார்கள். தவிர்க்க வழி: உச்ச இயக்க ஆற்றல் × கா, பை-க்குக் கீழே இருக்கட்டும். அதாவது கா < 2 × (இடைவெளி)² ÷ பை. இடைவெளி 0.1-க்கு இது 0.0064. நான் 0.005 வைப்பேன்.

இனி கையில் பிடித்துச் சரிபார்க்க ஒரு முழுக் கணக்கு. புள்ளிகள் 2048, இடைவெளி 0.1, மொத்த நீளம் 204.8, நடுவில் 0. அலைப்பொதியின் மையம் −40, அகலம் (திட்ட விலக்கம்) 10, உந்தம் 2. தடை 0-லிருந்து 1 வரை, உயரம் 2.5. கா = 0.005, படிகள் 8000, மொத்த நேரம் 40. லேப்டாப்பில் சில நொடிகளில் முடிந்துவிடும். முடிவில் ஊடுருவிய பகுதி +40 பக்கமும் திரும்பிய பகுதி −40 பக்கமும் தனித்தனியாக நிற்கும். அகலம் 10.2 ஆகியிருக்கும். ஓரங்கள் 6 திட்ட விலக்கம் தள்ளி இருப்பதால் சுற்றிக்கொண்டு வரும் தொல்லை இல்லை. வலப்பக்கம் உள்ள நிகழ்தகவைக் கூட்டுங்கள். இப்படிப்பட்ட தடையின் ஊடுருவலுக்குப் புத்தகச் சூத்திரம் ஆற்றல் 2-க்குத் தரும் விடை 0.317, உங்கள் எண் அதை ஒட்டி வர வேண்டும்.

0.26 வந்தால் பதற வேண்டாம், தடையின் புள்ளிகளை எண்ணுங்கள். 0-லிருந்து 1 வரை இரு முனைகளையும் சேர்த்தால் 11 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் 0.1 அகலத்துக்குச் சொந்தக்காரர் என்பதால் தடையின் அகலம் 1.1 ஆகிவிட்டது. அகலம் 1.1-க்குச் சூத்திரமே 0.264 தான் தரும். இரு முனைப் புள்ளிகளிலும் பாதி உயரம், 1.25 மட்டும் வையுங்கள். ஊடுருவல் அடுக்குக்குறியாகச் சரிவதால் ஒரு புள்ளி இவ்வளவு பேசுகிறது. அலைப்பொதியின் அகலத்தை 1 என்று வைத்துவிட்டு 0.317 வரவில்லையே என்று கேட்பவர்களுக்கு: அந்த அகலத்தில் உந்தம் 0.5 அளவுக்குப் பரவியிருக்கும், பாதி அலை தடைக்கு மேலேயே தாண்டிப் போகும் ஆற்றலை நெருங்கிவிடும். ஒற்றை ஆற்றல் சூத்திரத்தோடு அதை ஒப்பிடக்கூடாது.

நிரலை நம்ப நார்ம் போதாது என்றால் எதைப் பார்ப்பது? காலப்படியைப் பாதியாக்கிப் பாருங்கள், இன்னொரு முறையும் பாதியாக்குங்கள். அடுத்தடுத்த விடைகளின் வித்தியாசம் நாலில் ஒன்றாகக் குறைய வேண்டும். பாதியாக மட்டும் குறைந்தால் எங்கோ அரைப்படி தவறியிருக்கிறது: தவளைத் தாவலின் தொடக்கம், அல்லது காலத்தோடு மாறும் நிலையாற்றலை எடுத்த நேரம். வித்தியாசமே இல்லாமல் ஒரு தவறான விடையில் உட்கார்ந்திருந்தால் பிழை கிரிட்டில் இருக்கிறது, நேரத்தில் இல்லை. இந்த ஒரு சோதனைக்கு மூன்று ஓட்டம் ஆகும். அறிக்கையில் அந்த மூன்று எண்களையும் போடுங்கள்.

ஓரங்களில் அலையை விழுங்க வேண்டுமென்றால் அங்கே எதிர்க்குறிக் கற்பனை நிலையாற்றல் ஒன்றை மெதுவாக ஏற்றலாம். இரண்டு மூன்று அலைநீளத்துக்காவது அது பரவியிருக்க வேண்டும், திடீரென்று ஆரம்பித்தால் அதுவே சுவராகித் திருப்பி அனுப்பும். குறி மாறினால் ஓரத்திலிருந்து நிகழ்தகவு ஊற்றெடுக்கும். நான்காம் வரிசை முறைகளில் 1.3512, −1.7024, 1.3512 என்ற பங்குகளில் படியைப் பிரிக்கும் ஒன்று பிரபலம். நடுப்பங்கு காலத்தில் பின்னோக்கிப் போகிறது. சாதாரண ஓட்டத்துக்கு அதனால் கெடுதல் இல்லை. தாழ்நிலையைக் கண்டுபிடிக்கக் கற்பனைக் காலத்தில் (சுழலாமல் உயர் ஆற்றல்கள் தேய்ந்துபோகும்படி) ஓட்டுகிறவர்கள் மட்டும் இதைத் தொடவேண்டாம், அங்கே பின்னோக்கிப் போவது என்றால் உயர் ஆற்றல்களை ஊதிப் பெருக்குவது.

இரு பரிமாணத்துக்குப் போனால் 1024-க்கு 1024 கிரிட் ஒன்றுக்கு, இரட்டைத் துல்லியத்தில், சுமார் 17 எம்.பி. ஆகும். ஓட்டமும் மணிக்கணக்கில் நீளும். ஜூன், ஜூலையில் மரம் விழுந்து லைன் போகும் ஊரில் இடையிடையே சேமிப்பதுதான் பிழைக்கும் வழி. ஐந்நூறு படிக்கு ஒரு முறை போதும். ஆறு தசம இடத்தோடு உரைக் கோப்பாக எழுதாதீர்கள், மறுபடி தொடங்கும்போது 10⁻⁶ அளவுக்கு இரைச்சல் உள்ளே நுழையும். பைனரியாக, முழுத் துல்லியத்தில் எழுதுங்கள். தவளைத் தாவல் என்றால் இரண்டு பகுதிகளையும் அவற்றின் நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள், மீண்டும் தொடங்கும்போது அரைப்படித் தள்ளலை இரண்டாவது தடவை செய்துவிடாமல் இருக்க அது உதவும். பழைய கோப்பின் மேலேயே எழுதவும் வேண்டாம். எழுதும் நொடியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. வேறு பெயரில் எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுங்கள்.